துரை பங்களாவின் பின்வாசல்

எங்கள் சரித்திர சேர் ஒருமுறை வகுப்போடு இலங்கை மலையகத்து ஹப்புத்தளைக்குக் கூட்டிப்போய் அடிஷாம் பங்களாவைக் காட்டினார். சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய வீடு. இங்கிலாந்தில் கென்ட் பக்கத்து லீட்ஸ் கோட்டையின் சாயல். இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். நாங்கள் வாய் பிளந்து நின்றோம். சேருக்கு அது போதவில்லை. "இது கோட்டைக்கு ஆசைப்பட்டவர் வீடு. பங்களா பார்க்க உங்கட தோட்டத்துக்கே போங்க" என்றார்.

போனோம். கூட்டாளி ஒருவனின் அப்பாதான் அங்கே அப்பு, அதாவது பங்களாப் பணியாள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை லீவில் போயிருந்த நேரம். பின்வாசல் திறந்தது.

குசினி தனிக் கட்டடம். புகையும் நெருப்பும் பெரிய வீட்டை அண்டக்கூடாதாம். இரண்டுக்கும் நடுவே கூரை போட்ட நடை. மழைக்காற்றில் சூப் ஆறாமல் அதைக் கடப்பது அப்புவின் சாமர்த்தியம். உள்ளே பலகைத் தளம், முன்னுக்குப் பிதுங்கிய கண்ணாடி ஜன்னல். அங்கே நின்றால் கொழுந்து மலை முழுக்கத் தெரியும்; சும்மா வைத்த ஜன்னல் இல்லை அது. பெரிய அறை ஒவ்வொன்றிலும் கணப்பு, கூரைக்கு மேல் வரிசையாகப் புகைபோக்கிகள்.

கோப்பிக் காலத்தின் ஆரம்பத் துரைமார் மண்சுவரும் புல்கூரையுமாகத்தான் இருந்தார்கள். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியைத் தின்றது. தேயிலை வந்தது, 1885இல் ரயில் நானுஓயாவைத் தொட்டது. நான் பார்த்த கல் பங்களாக்கள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. கூரை மட்டும் தகரம்தான், தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தைப் போலவே!

ஒற்றுமை அதோடு சரி. லயத்துக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. அதற்குள்தான் குடும்பமும் அடுப்பும். அதே மலை, அதே குளிர். ஒரு துரைக்கு அத்தனை புகைபோக்கி. எங்கள் அடுப்புக்கு ஒன்றுகூட இல்லை. அம்மாமாரின் இருமலுக்குக் காரணம் தேட எங்கும் போக வேண்டியதில்லை.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளுக்குப் போனது. பங்களாவில் துரைமார் மாறினார்கள், அவ்வளவுதான். இப்போது காசல்ரீ, நோர்வூட் பக்கத்துப் பழைய பங்களாக்களில் உல்லாசப் பயணிகள் தங்குகிறார்கள்.

அடுத்த ஒன்றுகூடலை அப்படி ஒன்றில் வைக்கலாம் என்று எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் பேச்சு. எனக்குச் சம்மதம், குசினிப் பக்கமும் பார்க்க விட்டால். அதற்குமுன் ஒரு வேண்டுகோள்: பழைய லயத்துப் படங்கள் யாரிடமாவது இருந்தால் மலர்க் குழுவுக்கு அனுப்புங்கள். பங்களாப் படம் வேண்டாம், அது தேவைக்கு மேலேயே கிடக்கிறது.