பெயர் வரும் கட்டுரையைவிடப் பெரியது

மருத்துவப் படிப்புக்கு முன், நோயாளிகளிடம் மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுப் பிரிவில் உதவியாளராகச் சேர்கிறவர்களுக்கு ஒரு கட்டுரையிலாவது பெயர் வந்துவிட வேண்டும் என்ற ஆசை இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் தரவு சேகரித்தது மட்டும் அதற்குப் போதாது. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நெறிப்படி, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், ஆய்வுக்குப் பொறுப்பேற்பது எல்லாமே சேர வேண்டும். எழுத ஆசை என்றால் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால், அந்த வேலையின் உண்மையான செல்வம், ஆய்வில் சேர நோயாளியிடம் ஒப்புதல் பெறும் அறையில்தான் இருக்கிறது. ஒரு பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார். கையெழுத்துப் போடும் நேரத்தில், "எனக்கு எது நல்லதோ அந்த மருந்தைத்தானே டாக்டர் கொடுப்பார்?" என்றார். ஆய்வில் ஒப்பிடப்படும் குழுக்களில் அவர் எதில் சேர்வார் என்பதை முடிவு செய்வது ரேண்டமைசேஷன், அதாவது குலுக்கல் போன்ற தற்செயல் தேர்வு. இருபக்க மறைப்பு ஆய்வு என்பதால் மருத்துவருக்குக்கூட அது தெரியாது. மருத்துவர் பேனாவை வாங்கி வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். அப்புறம், "நீங்கள் புரிந்துகொண்டதை வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டார். சிகிச்சையையும் ஆய்வையும் ஒன்றாக எண்ணிவிடும் இந்த மயக்கத்தைப் பற்றி 1982 முதலே ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். நோயாளியின் நம்பிக்கை எவ்வளவு கனமானது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. அனுமதி கிடைக்கும்போதெல்லாம் அந்த அறையில் போய் உட்காருங்கள்.

அடுத்தது புரோட்டோகால், அதாவது ஆய்வை எப்படி நடத்துவது என்று வகுத்த திட்ட ஆவணம். யாரைச் சேர்க்கக் கூடாது என்ற பட்டியலை வெறும் சரிபார்ப்பாகப் பார்க்காமல், ஒவ்வொரு வரிக்கும் 'ஏன்' என்று கேளுங்கள். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் ரத்தக் கிரியேட்டினின் ஒரு அளவுக்கு மேல் போனால் ஏன் விலக்குகிறார்கள்? அந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதாக இருக்கலாம். இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் உடலியங்கியலில் எனக்கு ருசி வந்தது.

பதிவேடு எழுதுவது அலுப்பான வேலைதான். தவறை ஒற்றைக் கோட்டால் அடித்து, சுருக்கொப்பமும் தேதியும் போட்டால் போதும். பழைய எழுத்து மறையக் கூடாது. இந்தப் பழக்கம் பின்னால் கேஸ் ஷீட் எழுதும்போதும் கைகொடுக்கும்.

ஆய்வுக் காலத்தில் பங்கேற்பாளருக்கு நேரும் உடல்நலக் கேடுகளான பாதக நிகழ்வுகளை விவாதிக்கும் கூட்டங்களைத் தவறவிடாதீர்கள். பங்கேற்பாளர் வீட்டில் வழுக்கி விழுந்து மருத்துவமனையில் சேர்ந்தாலும் அது தீவிர நிகழ்வாகவே பதிவாகும். அதற்கு மருந்து காரணமா என்பது தனிக் கேள்வி. அதை மதிப்பிடுவது ஆய்வு மருத்துவரின் பொறுப்பு. மருந்து எப்போது தொடங்கியது, ரத்த அழுத்தம் எப்படி இருந்தது, வேறு என்ன மாத்திரை எடுத்தார் என்று அவர் ஒவ்வொன்றாக அலசுவதைப் பக்கத்தில் இருந்து கேட்பது பெரிய பாக்கியம்.

மனதில் நின்றவற்றை அன்றன்றே எழுதி வையுங்கள். நோயாளியை அடையாளம் காட்டும் எதுவும் அதில் வேண்டாம். பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது, பெரிய பதவியில் இருப்பவரைவிட, நீங்கள் நோயாளியிடம் பேசுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவரிடம் கேளுங்கள்.