தொட்டியருகே யாரோ

ஆங்கில எழுத்தாளர் டி. எச். லாரன்ஸ் எழுதிய ‘பாம்பு’ என்னும் கவிதையைக் கல்லூரியில் முதன்முதலாகப் படித்தபோது, அஞ்சத்தக்க உயிரிடமும் இரக்கம் வேண்டும் என்று சொல்லும் கவிதை அது எனத் தேர்வில் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். அந்த இரக்கம் கவிதையின் எந்த இடத்தில் பிறக்கிறது என்பதை அன்று நான் பார்க்கவே இல்லை.

லாரன்ஸ் 1920 முதல் 1922 வரை இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவின் தவோர்மினாவில் வாழ்ந்தார். அந்தத் தீவில் நிகழும் இக்கவிதை, 1923-இல் வெளிவந்த அவருடைய தொகுப்பில் இடம்பெற்றது. எட்னா எரிமலை புகைந்துகொண்டிருக்கும் சூலை மாதத்து வெயிலில், கவிஞர் குடத்தோடு படியிறங்கித் தண்ணீர்த் தொட்டிக்கு வருகிறார். அவருக்கு முன்பாகவே மண்சுவரின் பிளவிலிருந்து இறங்கி வந்த ஒரு பாம்பு, தொட்டியில் வாய்வைத்து நீர் குடித்துக்கொண்டிருக்கிறது.

தம்முடைய தொட்டிக்குத் தமக்கு முன்னே ‘யாரோ’ வந்துவிட்டார் என்றுதான் கவிஞர் சொல்கிறார். ‘ஏதோ’ என்று சொல்லவில்லை. பின்னால் வந்தவர் காத்திருப்பதுதானே முறை என்பதுபோலக் குடத்துடன் ஒதுங்கி நிற்கிறார். கவிதை முழுவதிலும் பாம்பு அவருக்கு ‘அவன்’தான். தமிழில் இதைச் சொல்ல முயன்றால், பாம்பு அஃறிணை என்னும் நம் இலக்கணம் குறுக்கே நிற்கும். ‘அது’ என்று எழுதிவிட்டால் கவிதையில் பாதி போய்விடும். உயர்திணையில் எழுதினால் மட்டுமே, வரிசையில் முன்னால் நிற்கும் ஒருவருக்குக் காட்டும் மரியாதையை அந்தப் பாம்புக்கும் காட்ட முடியும்.

கற்ற கல்வி அவருக்குள் உடனே பேசத் தொடங்குகிறது: சிசிலியில் கரும்பாம்பு தீங்கற்றது, பொன்னிறப் பாம்பு நஞ்சுள்ளது, ஆகவே பொன்னிறமான இது கொல்லப்பட வேண்டியது; நீ ஆண்மகன் என்றால் தடியெடுத்து அடி. அந்தக் குரல் முற்றிலும் பொய் சொல்லவில்லை. அத்தீவில் நஞ்சுள்ள விரியன் உண்டு; அங்குள்ள கரும்பாம்பு நஞ்சற்றதுதான். ஆனால் அந்த அறிவோடு ஒட்டிக்கொண்டு வரும் ‘ஆண்மகன்’ என்ற சொல்லுக்கும் நஞ்சுக்கும் என்ன தொடர்பு? கவிஞர் அடிக்கவில்லை. அது கோழைத்தனமா, பணிவா என்று தம்மையே கேட்டுக்கொள்கிறார். அஞ்சியது உண்மை என்றும், அதைவிட மேலாக, தம் வீட்டு நீரைத் தேடி அது விருந்தினனாக வந்ததில் பெருமை கொண்டதும் உண்மை என்றும் ஒப்புக்கொள்கிறார். நம் மொழியில் ‘விருந்து’ என்ற சொல்லுக்கு முதற்பொருள் புதுமை. முன்பின் அறியாத புதியவரே விருந்து. முகம் மாறிப் பார்த்தாலே வாடிவிடும் விருந்தைப் பற்றிய குறள் நினைவுக்கு வந்தபோதுதான், அடுத்து நடப்பதன் கொடுமை எனக்கு முழுமையாக உறைத்தது.

நீர் குடித்து முடித்த பாம்பு, அவசரமின்றித் திரும்பி, தான் வந்த இருண்ட பொந்துக்குள் தலையை நுழைக்கிறது. அப்போதுதான் கவிஞர் குடத்தை வைத்துவிட்டு ஒரு கட்டையை எடுத்து எறிகிறார். எதிரே தலைதூக்கி நாக்கை நீட்டியபோது எறியவில்லை. முதுகு காட்டிப் போகும்போது எறிகிறார். கட்டை அதன்மேல் படவில்லை என்றே நினைக்கிறார். ஆனால் அவ்வளவு நேரம் நிதானமாக அசைந்த உடல், வெளியே எஞ்சிய பகுதி துடிதுடிக்க, மின்னலாய் மறைகிறது.

இந்த இடத்தைப் பல ஆண்டுகள் கழித்து மறுபடி படித்தபோது, நான் பன்னிரண்டு வயதில் பாட்டி வீட்டுக் கிணற்றடியில் நின்ற ஒரு பகல் திரும்பி வந்தது. அன்று வந்தது எலிகளைத் தின்று வாழும், நஞ்சே இல்லாத ஒரு சாரை. அது எங்கள் பக்கம் ஊர்ந்தபோது எல்லோரும் விலகி நின்றோம். மதில் கல்லிடுக்கில் பாதி உடல் நுழைந்த பிறகுதான் எங்களுக்குத் துணிவு வந்தது. கம்பை எடுத்து வந்து கொடுத்தவன் நான். அடித்து முடித்த பிறகு பாட்டி வந்து பார்த்து, “அது பாட்டுக்குப் போய்க்கிட்டுதானே இருந்துச்சு” என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தைக்கு அன்றும் என்னிடம் விடையில்லை. அச்சம் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அச்சம் தீர்ந்த பிறகுதான் அடித்தோம்.

லாரன்ஸின் கவிதையில் இரக்கம் பிறப்பது இங்கேதான், கட்டை கையை விட்டுப் போன பிறகு. தொட்டியருகே நின்றபோது அவரிடம் இருந்தது வியப்பும் மதிப்பும். எறிந்த மறுகணமே வருந்துகிறார். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் கவிதையில் மாலுமி காரணமின்றிக் கொன்றுவிட்டுப் பின் வருந்தும் ஆல்பட்ராஸ் என்னும் கடற்பறவையை நினைக்கிறார். முடியிழந்து பாதாளத்தில் வாழும் அரசனாகப் பாம்பைக் காண்கிறார். தாம் கழுவாய் தேடவேண்டிய ஒன்று உண்டு என்று முடிக்கும்போது, அதற்கு அவர் இடும் பெயர் பாவம் அன்று, ‘சிறுமை’.

இப்போது படிக்கையில் என் கண் அதற்குச் சற்று முந்திய ஒரு வரியில்தான் நின்றுவிடுகிறது. தொடக்கத்தில் ‘என் தொட்டி’ என்று சொன்னவர், அங்கே, அவன் திரும்பி வரமாட்டானா என்று ஏங்கி, ‘என் பாம்பு’ என்கிறார். அது திரும்பி வருவதாகக் கவிதையில் இல்லை.