ரை என்றால் அரிசி இல்லை, தவுக்கே

கல்யாணமாகி 14 வருடம் ஆகிறது. இந்த 14 வருடத்தில் மாமனார் முன்னால் நான் ஒரு சொட்டு குடித்ததில்லை. தீபாவளிக்குப் பினாங்கில் ஆயர் ஈத்தாம் வீட்டுக்குப் போனால் அவர் முன்னறையில் பிராந்தியும் சோடாவுமாக உட்கார்ந்திருப்பார். நான் பின்கட்டில், அத்தை எடுத்துக் கொடுத்த கோப்பிக் குவளையில் பியரை ஊற்றி, ஊதி ஊதிக் குடிப்பேன். ஊதுவதுதான் இதில் முக்கியம். அவருக்கு எல்லாம் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். "மாப்பிள்ளை ரொம்பக் கோப்பி குடிக்கிறாரு, பித்தம் ஏறிடும்" என்று ஒருமுறை அத்தையிடம் சொன்னாராம்.

இந்த அருமையான ஏற்பாட்டில் கை வைத்தவன் என் மைத்துனன். சிகாகோவில் வேலை பார்க்கிறான். மாமாவின் 70வது பிறந்தநாளுக்கு வருவதாக எல்லாரிடமும் சொன்னவன், என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டான்.

"மச்சான், இந்தத் தடவ அப்பாவுக்கு நல்ல ரை விஸ்கி ஊத்திக் கொடுக்கணும். சும்மா உறிஞ்சிக் குடிக்க ஒரு போத்தல் நான் கொண்டு வரேன். ஒரு லிட்டருக்கு மேல போனா கஸ்டம்ஸ்ல வரி கட்டணும். அதனால காக்டெய்லுக்கு ஒண்ணு நீங்க வாங்கி வச்சிடுங்க. ஸ்வீட் வெர்மூத், பிட்டர்ஸ் ரெண்டும்கூட."

"அதுக்கென்ன மச்சான்" என்றேன். ரை என்றால் என்ன என்று அப்போதே கேட்டிருக்கலாம். வெளிநாட்டிலிருந்து பேசுகிற மைத்துனனிடம் தெரியாது என்று சொல்ல எந்த அக்காள் புருஷனுக்கு வாய் வரும்?

வீட்டில் விசாரித்தேன். கோதுமை, பார்லி மாதிரி ஒரு தானியம் என்றாள் மனைவி. "கேழ்வரகா?" என்றார் அத்தை. இல்லை, குளிர் தேசத்துத் தானியம், அதில் ரொட்டியும் சுடுவார்கள் என்றதும், "ரொட்டி சுடுறத விட்டுட்டு ஏன் இந்த வேல?" என்று வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

ஜோர்ஜ்டவுனில் ஒரு பழைய கடை. தவுக்கேயிடம், அதாவது சீன முதலாளியிடம், போய் "ரை இருக்கா?" என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனவர், சிவப்பு லேபிள் ஒட்டிய பெரிய போத்தல் ஒன்றைத் தூசி தட்டி, துணியால் துடைத்து, பக்தியோடு கொண்டுவந்து வைத்தார். சாவ்சிங். சீனர்கள் சமையலுக்கு ஊற்றும் அரிசி மது. நான் சொன்னது அவர் காதில் 'ரைஸ்' என்று விழுந்திருக்கிறது. "கோழிக்கு ஊத்து, மணக்கும்" என்றார். அவ்வளவு துடைத்தவரிடம் வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. அதையும் வாங்கிக்கொண்டு, ஆர், ஒய், ஈ என்று எழுத்துக்கூட்டிச் சொன்னேன். "ஓ, ரை!" என்றபடி ஏணி போட்டு ஏறி இன்னொரு போத்தலை இறக்கினார். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'ரை' என்று போட்டிருந்தது. "ஸ்மூத், பாஸ்" என்றார். வேறென்ன வேண்டும்? வெர்மூத் என்கிற இனிப்பு மதுவையும், கொஞ்சமாகத் தெளிக்கும் கசப்புச் சாறான பிட்டர்ஸையும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று இரவே வெர்மூத்தைத் திறந்து ஒரு மடக்கு குடித்துப் பார்த்தேன். சும்மா, தரம் பார்க்கத்தான். பிறகு மூடியைத் திருகி, வினிகருக்கும் நல்லெண்ணெய்க்கும் நடுவில் அலமாரியில் வைத்தேன். பினாங்கு வெயிலில் மூன்று வாரம் அது அங்கேயே நின்றது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மைத்துனன் வந்து இறங்கினான். நான் வாங்கிய ரையைக் கையில் எடுத்து, எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர் மாதிரி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மச்சான், இது கனடா."

"பக்கத்து நாடுதான?"

அதற்கு மேல் அரை மணி நேரப் பாடம். அமெரிக்காவில் லேபிளில் ரை என்று போட வேண்டுமானால், ஊறல் போடும் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் ரை இருக்க வேண்டும். உள்ளே கரித்த புது ஓக் பீப்பாயில் வைக்க வேண்டும். 'ஸ்ட்ரெய்ட்' என்று சேர்த்துப் போட்டால் குறைந்தது இரண்டு வருடம் பீப்பாயில் கிடந்தது என்று அர்த்தம். கனடாவில் கதை வேறு. அங்கே விஸ்கி என்றாலே பேச்சு வழக்கில் ரைதான்; பெரும்பாலும் சோளத்தில் வடித்ததற்கும் அந்தப் பெயரைப் போட சட்டம் விடுகிறது. சாம்பார்ப் பொடி துளி சேர்த்துவிட்டு எல்லாவற்றையும் சாம்பார் என்று கூப்பிடுவதுபோல. கனடாவிலும் அசல் நூறு சதவீத ரை உண்டு என்பதையும் சொல்லத்தான் செய்தான். என் கையில் இருந்தது அது இல்லை.

மறுநாள் வேறொரு கடைக்கு அவனே கூட்டிப் போனான். போத்தலின் முன்பக்கத்தை அவன் பார்க்கவே இல்லை. எடுத்தவுடன் பின்பக்கம் திருப்பினான். ஆல்கஹால் 40 சதவீதம் என்று இருந்தால் கீழே வைத்தான். பனிக்கட்டி உருகித் தண்ணீர் சேரும், வெர்மூத் சேரும், அவ்வளவையும் தாங்கி ரையின் காரம் மேலே வர 50 சதவீதமாவது வேண்டும் என்பது அவன் கட்சி. வேறு வேறு பெயர், வேறு வேறு அழகில் இருந்த சில போத்தல்களில் பொடி எழுத்தைக் காட்டினான்: எல்லாம் இந்தியானா மாநிலத்து லாரன்ஸ்பர்க்கில் வடித்தவை. 95 சதவீத ரை போட்டு அங்கே ஒரே ஆலை வடிப்பதைப் பல கம்பெனிகள் வாங்கித் தங்கள் லேபிளை ஒட்டுகின்றனவாம். சரக்கு நல்ல சரக்குதான். ஆனால் லேபிளில் இருக்கும் கதைக்குக் காசு கொடுக்காதீர்கள் என்றான். அதற்குத்தான் நான் முதல் கடையில் கொடுத்திருந்தேன்.

கடைசியில் எடுத்தது ரிட்டன்ஹவுஸ். 'பாட்டில்ட் இன் பாண்ட்' என்று அதில் ஒரு வரி. 1897ல் அமெரிக்காவில் போட்ட சட்டம் அது. அந்தக் காலத்தில் விஸ்கியில் புகையிலைச் சாற்றிலிருந்து என்னென்னவோ கலந்தார்களாம். அதனால் ஒரே ஆலை, ஒரே பருவம், குறைந்தது நாலு வருடம் பீப்பாய், சரியாக 50 சதவீதம் என்று அரசாங்கமே கட்டுப்பாடு வைத்தது. எங்கள் தோட்டத்துப் பக்கம் சம்சு என்கிற மலிவுச் சாராயம் குடித்துக் கெட்டவர்களை நினைத்துக்கொண்டேன். இப்படி ஒரு சட்டம் இங்கே அப்போது இருந்திருக்கலாம்.

அவன் கொண்டுவந்த போத்தல் பைக்ஸ்வில். ஆறு வருடம், 55 சதவீதம். வேடிக்கை என்னவென்றால் இரண்டும் கென்டக்கியில் ஹெவன் ஹில் என்ற ஒரே கம்பெனியுடையவை, ஒரே தானியக் கணக்கு. ஒரு வயிற்றுப் பிள்ளைகள். "பெரியவன உட்கார வச்சுப் பேசணும் மச்சான், சின்னவன வேலைக்கு அனுப்பணும்" என்றான். இத்தனை நேரம் பேசியதில் எனக்குச் சட்டென்று புரிந்த ஒரே வரி இதுதான்.

பிறந்தநாள் இரவு. கோழி ஆள்மாற்றி ஆள் பாராட்டும்படி மணத்தது. சாவ்சிங் என்று யாருக்கும் சொல்லவில்லை. முன்னறையில் மாமா, இரண்டு நண்பர்கள், மைத்துனன். நான் பின்கட்டில், குவளையோடு.

முதலில் பைக்ஸ்வில், எதுவும் கலக்காமல். மாமா வழக்கம்போல ஒரே மடக்கில் தள்ளினார். இருமல் வாசல் வரை கேட்டது. "என்னடா இது, மிளகு ரசத்துக்குத் தீ வச்ச மாதிரி இருக்கு!" மைத்துனன் இரண்டாவது முறை கொஞ்சமாக ஊற்றி, கரண்டியால் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, வாயில் நிறுத்திக் குடிக்கச் சொன்னான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "கிராம்பு வாசம் வருது" என்றார் மாமா. நண்பர் ஒருவர் புதினா என்றார். இன்னொருவர் கனடாக்காரனைச் சோடாவில் கலந்துகொண்டு, "இதுதான்பா குடிக்கிற மாதிரி இருக்கு" என்றார். என் மானம் கால்வாசி திரும்பியது.

அடுத்து மன்ஹாட்டன். ரை இரண்டு பங்கு, ஸ்வீட் வெர்மூத் ஒரு பங்கு, பிட்டர்ஸ் இரண்டு உதறல், பனிக்கட்டியோடு கிளறி வடிகட்டு. அவ்வளவுதான் வித்தை. மாமா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தார். "இது கஷாயம்டா."

"இந்தப் பிட்டர்ஸ் மருந்தாத்தான்பா ஆரம்பிச்சது. 1824ல வெனிசுவேலாவுல ஒரு டாக்டர் வயித்துக்காகப் பண்ணினாரு."

"அப்ப இது நாள் முடிஞ்ச மருந்து. கொட்டு."

மைத்துனன் வெர்மூத்தை முகர்ந்தான். முகம் சுருங்கியது. மூலிகை போட்ட திராட்சை மதுதான் அது. திறந்தால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், வைத்தாலும் மாதக்கணக்கில் நிற்காது. "யார் இத அலமாரியில வச்சது?" என்று அங்கிருந்தே கத்தினான். நான் குவளையை இன்னும் பலமாக ஊதினேன்.

மிச்சம் இருந்தது ஓல்ட் ஃபேஷன்ட். அதற்கு வெர்மூத் வேண்டாம். ரை, பிட்டர்ஸ், சர்க்கரைப் பாகு, ஆரஞ்சுத் தோல். அவன் முந்தின நாளே பெரிய பனிக்கட்டி உறைய வைத்திருந்தான், அத்தையின் பெலாச்சான் சம்பல், அதாவது இறால் விழுதுச் சட்னி, வைக்கும் டப்பாவில். முகர்ந்து பார்த்துவிட்டு அதைத் தொட்டியில் போட்டான். சாதாரண பனிக்கட்டியே போதும் என்று, குளிர்பெட்டிக் கதவில் இருந்த பாகை ஊற்றிக் கலக்கிக் கொண்டுபோனான்.

மாமா குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். டம்ளரை நீட்டி, "இன்னொண்ணு போடு" என்றார். நண்பர்களும் நீட்டினார்கள். மூன்றாவது சுற்றில்தான் அத்தை கத்திக்கொண்டு வந்தார். பாலிக் புலாவிலிருந்து வாங்கிய ஜாதிக்காய்ப் பாகு அரைப் போத்தல் காணோம். பேரப்பிள்ளைகளுக்குச் சர்பத் போட வைத்திருந்ததாம். மைத்துனன் போத்தலைப் பார்த்தான், டம்ளரைப் பார்த்தான், நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தான். சிகாகோவில் இப்படி ஒன்று குடித்ததில்லை என்றான். ரையின் காரத்துக்கு ஜாதிக்காய் அப்படிப் பொருந்தியிருந்தது.

மாமா பின்கட்டுப் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளைக்கும் ஒண்ணு ஊத்துடா."

"இல்ல மாமா, நான்..." என்று எழுந்து நின்றேன்.

"அந்தக் கோப்பிக் குவளையிலயே ஊத்து. ஊதிக் குடிக்கட்டும்."