ஒன்ராறியோவில் கணிதப் பிரிவு என்று ஒன்று இல்லை

யாழ்ப்பாணத்தில் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் ஒரே கேள்விதான்: கணிதமா, உயிரியலா? கணிதம் என்றால் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் ஒரே கட்டாக வந்துவிடும். பிறகு ரியூசன், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி, மொறட்டுவைப் பல்கலைக்கழகமா பேராதனையா என்ற கவலைகள் மட்டுமே.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மகள் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது அந்தக் கேள்வியை எதிர்பார்த்திருந்தேன். வந்தது ஒரு நீண்ட பாடப் பட்டியல். நாடகம், ஒளிப்படக்கலை, சமையல் ஆகியவற்றுக்கு நடுவே பௌதிகவியலும் ஒரு வரியாகக் கிடந்தது. எடு என்று யாரும் சொல்வதில்லை. 30 கிரெடிட்டும் (பாட அலகுகளும்) மற்ற நிபந்தனைகளும் நிறைவேறினால் உயர்நிலைப் பாடசாலை டிப்ளோமா கிடைத்துவிடும். அதை வைத்துக்கொண்டு பொறியியல் பீடத்துக்குள் நுழைய முடியுமா என்பது பெற்றோர் பார்க்கவேண்டிய கணக்கு.

அந்தக் கணக்கைக் கடைசியிலிருந்து போடவேண்டும். ரொறன்ரோ, வாட்டர்லூ, மக்மாஸ்டர் பல்கலைக்கழகங்களில் பொறியியலுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் ஐந்து பாடங்கள் தேவை: ஆங்கிலம், உயர்நிலைச் சார்புகள் (இது ஒரு கணிதப் பாடம்), நுண்கணிதமும் காவிகளும் (வெக்டர்கள்), பௌதிகவியல், இரசாயனவியல். பன்னிரண்டாம் வகுப்புப் பௌதிகவியலுக்குப் பதினோராம் வகுப்புப் பௌதிகவியல் வேண்டும், இரசாயனவியலும் அப்படியே. உயர்நிலைச் சார்புகளை முன்பே முடிக்காமலோ கூடவே படிக்காமலோ நுண்கணித வகுப்பில் உட்கார முடியாது. பதினைந்து வயதில் ஒன்றை விட்டால், பிறகு கோடை வகுப்பில்தான் துரத்திப் பிடிக்கவேண்டும்.

பாடக் குறியீட்டின் கடைசி எழுத்தையும் பாருங்கள். எஸ்பிஎச்4யூ, எஸ்பிஎச்4சீ இரண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பௌதிகவியல்தான். 'யூ' பல்கலைக்கழகத்துக்கானது, 'சீ' கல்லூரிக்கானது. பொறியியல் பீடங்கள் கேட்பது 'யூ'வில் முடிவதை.

உறவினர்களின் ஆலோசனைக்குக் குறைவில்லை. "கம்பியூட்டர் பாடம் எடுக்காமல் கம்பியூட்டர் எஞ்சினியரிங் எப்படி?" என்று ஒரு சித்தப்பா மிரட்டினார். மேலே சொன்ன ஐந்தில் அது இல்லை. மென்பொருள் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு மின்னிரசாயனம் எதற்கு என்று மகள் முணுமுணுத்தாள். அதில் நியாயம் இருக்கிறது, ஆனாலும் இரசாயனவியல் இல்லாமல் இந்தப் பொறியியல் பீடங்களில் இடம் கிடைக்காது. பதினோராம் வகுப்பில் உயிரியலையும் அவள் விடவில்லை. ஊரில் நினைத்துப் பார்க்க முடியாத இந்தச் சேர்க்கை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

செமஸ்டருக்கு நான்கு பாடங்கள் என்பதால், பௌதிகவியல், இரசாயனவியல், நுண்கணிதம் மூன்றும் ஒரே செமஸ்டரில் குவியாமல் பிரித்துத் தருமாறு வழிகாட்டல் ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்பது நல்லது. எல்லாப் பாடசாலைகளாலும் அது முடியாது, கேட்பதில் நட்டமில்லை.

இப்போது எங்கள் வீட்டில் மிச்சமிருப்பது ஆறாவது பாடம். அனுமதிக்கான சராசரியை ஆறு பாடங்களில் பார்க்கிறார்கள். அந்த ஆறாவது 'யூ' வகையாகவோ, பல்கலைக்கழகம், கல்லூரி இரண்டுக்கும் பொதுவான 'எம்' வகையாகவோ இருந்தால் போதும். மனைவி கம்பியூட்டர் என்கிறாள், மகள் இசை என்கிறாள். வீணையில் அவளுக்கு வருடக்கணக்கான பயிற்சி உண்டு, சராசரிக்கும் அதுவே உதவும் என்று நான் மகள் பக்கம் சாய்ந்திருக்கிறேன்.