குதிப்பது தண்ணீர் அல்ல

திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறையில், 60 டிகிரியில் நிற்க வேண்டிய மெஷினின் டிஸ்பிளே 58, 63, 59 என்று ஆடினால் முதலில் வரும் பேச்சு, "சென்சார் போச்சுங்ணா, மாத்திரலாங்களா?" என்பதுதான். மாற்றும் முன் ஒன்றை யோசிக்க வேண்டும். தண்ணீர் இப்படி ஆடுமா? நீராவி முழுக்கத் திறந்திருந்தாலும் குளியல், அதாவது துணி ஊறும் சாயத் தண்ணீர், நிமிடத்துக்குச் சில டிகிரிதான் ஏறும். ஒரு நொடியில் 3 டிகிரி குதித்தால் அது சூடு அல்ல, இரைச்சல்: சென்சார் கேபிளில் வெளியிலிருந்து புகும் மின் குழப்பம்.

பிடி-100 சென்சார், அதாவது சூட்டோடு மின்தடை கூடும் பிளாட்டினம் சென்சார், டிகிரிக்குச் சுமார் 0.385 ஓம் மாறும். 1 மில்லியாம்பியர் ஓடவிட்டால் டிகிரிக்கு 0.4 மில்லிவோல்ட்கூட வராது. அதன் கேபிள் போகும் அதே டிரேயில், வேகத்தை மாற்றும் டிரைவிலிருந்து பம்ப் மோட்டாருக்குப் போகும் கேபிளிலோ ஐநூறு வோல்ட்டுக்கு மேல், நொடிக்குப் பல ஆயிரம் துடிப்புகள். அதில் ஒரு துளி புகுந்தாலே எண் ஆடும்.

நீராவி வால்வை மூடி, கண்ட்ரோலரை மேனுவலில் போட்டுவிட்டு சென்சார் தலையைத் திறக்க வேண்டும். பாதி நேரம் கோளாறு அங்கேயே கண்ணில் படும்: டெர்மினலில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், செம்புக் கம்பி பச்சை பிடித்திருக்கும். சாயத்தில் போடும் குளோபர் உப்பும் சோடா ஆஷும் ஈரமும் சேர்ந்த காற்று செய்யும் வேலை. ஒரே கம்பியில் 1 ஓம் கூடினாலே 2.6 டிகிரி தப்பும். இதை, அளவீடுகளைச் சமன்செய்யும் எந்த ஃபில்டரும் திருத்தாது; சுரண்டிச் சுத்தம் செய்து, கம்பி முனையில் புது லக் (உலோக முனை) போட்டு முறுக்க வேண்டும்.

பிறகு சென்சாரைக் கழற்றி, அந்த இடத்தில் 120 ஓம் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரை மாட்டலாம். டிஸ்பிளே 51, 52 பக்கம் காட்டும். எண் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை, நிற்கிறதா என்பதே கேள்வி. நின்றால் பழுது சென்சாரில். ஆடினால் டிரைவை நிறுத்திப் பார்க்க வேண்டும். உடனே அடங்கினால் குற்றவாளி தெரிந்துவிட்டது. சென்சார் கேபிளை வேறு டிரேக்கு மாற்றி, குறைந்தது ஓரடி தள்ளி ஓட்ட வேண்டும். குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். சென்சார் கேபிளைச் சுற்றிய ஷீல்டுக்கு (உலோக உறைக்கு) பேனல் பக்கம் மட்டும் எர்த். மோட்டார் கேபிள் ஷீல்டுக்கு இரு முனையிலும்.

மிச்ச இரைச்சலுக்குத்தான் ஃபில்டர். ஒவ்வொரு அளவீட்டையும் 20 மில்லிநொடி, அதாவது மின்சாரத்தின் ஒரு முழுச் சுற்று நேரம், கூட்டிச் சராசரி எடுத்தால் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல் தன்னால் அழியும். இதை விட்டு நொடிக்கு ஒருமுறை சட்டென்று தொட்டு எடுத்தால், லைன் 49.9 ஹெர்ட்ஸில் ஓடும்போது அந்த இரைச்சல் 10 நொடிக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்கும் அலையாக வேஷம் போடும். அதற்குப்பின் அதை நிஜச் சூட்டிலிருந்து பிரிக்க வழியில்லை.

மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் கான்டாக்டர் சுவிட்ச் விழும்போது வரும் ஒற்றைத் துள்ளலுக்குச் சராசரி உதவாது. 60.1, 60.0, 74.0, 60.2, 60.1 ஆகியவற்றின் சராசரி 62.9, வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுத்தால் 60.1.

டிஸ்பிளே அசையக் கூடாது என்று ஃபில்டரின் நேரத்தை 60 நொடிக்கு ஏற்றிவைப்பதுதான் மோசமான கைவேலை. நிமிடத்துக்கு 2 டிகிரி ஏறும்போது கண்ட்ரோலர் 2 டிகிரி பின்தங்கியே பார்க்கும். குளியல் 60-ஐத் தொட்டபின்னும் வால்வு திறந்தே கிடக்கும், துணியின் நிற ஷேடு மாறும். 2 நொடி வைத்தால் பின்தங்கல் 0.07 டிகிரிதான், கடைசி இலக்கம் கொஞ்சம் துடிக்கும், துடிக்கட்டும்.