ஈயச் சொம்பும் மணிக்கூட்டின் விளிம்பும்

மன்னாரில் மணிக்கூடு திருத்தும் கடை வைத்திருந்த அப்பா, 1990இல் பேசாலையில் படகேறியபோது கையோடு எடுத்துவந்த தகரப் பெட்டியில் இரண்டு சாமணங்கள், கண்ணில் பொருத்தும் ஓர் உருப்பெருக்கி, மெல்லிய திருப்புளிகள் ஐந்து, உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளீயத் துண்டு ஆகியவை இருந்தன. மண்டபம் முகாமில் சில வாரங்கள் வைத்திருந்துவிட்டு எங்களைச் சேலம் மாவட்டத்து முகாமுக்கு அனுப்பினார்கள். எனக்கு அப்போது பதினான்கு வயது. தமிழ் பேசும் ஊருக்குத்தானே போகிறோம் என்று அம்மா எங்களைத் தேற்றினார். ஆனால் அப்பா சாலையோரம் மேசை போட்டு, ‘மணிக்கூடு திருத்தப்படும்’ என்று எழுதித் தொங்கவிட்ட அட்டையை வாசித்தவர்கள் ஒன்றும் விளங்காமல் கடந்துபோனார்கள். ஒரு வாரம் கழித்து அந்த அட்டையைத் திருப்பி ‘வாட்ச் ரிப்பேர்’ என்று எழுதினார். வீட்டுக்குள் இன்றுவரை எங்களுக்கு அது மணிக்கூடுதான்.

அப்பா மறைந்த பிறகு சிவதாபுரத்தில், வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவே ஒரு சிறு அறையில் தொழிலைத் தொடர்ந்தேன். அகதி அட்டையை வைத்துக்கொண்டு வாடகை ஒப்பந்தம் எழுத எவரும் முன்வராத நாட்கள் அவை. பக்கத்துப் பட்டறைக்காரர்தான் தம் பொறுப்பிலிருந்த அறையைத் திறந்துவிட்டு, “மொதல்ல உட்காந்து வேலையைப் பாருங்க தம்பி, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். தெருவில் எல்லோருக்கும் நான் ‘சிலோன் தம்பி’. எனக்கு அவர் ‘அண்ணே’.

இயந்திரத்தைத் திருத்துவதில் எனக்குக் குறையில்லை. வாட்ச் கேஸுக்கு, அதாவது இயந்திரத்தைப் பொதிந்திருக்கும் உலோக உறைக்கு, மெருகு ஏற்றுவதில்தான் தோற்றுக்கொண்டிருந்தேன். சேலத்தில் பாலிஷ் என்றால் துணிச் சக்கரம், பஃப் என்பார்கள். கொலுசுக்கு அதைவிடப் பொருத்தமான கருவி இல்லை, ஏனென்றால் கொலுசின் வளைவுகளுக்குள் எல்லாம் துணி புகுந்து பளபளப்பாக்கிவிடும். வாட்ச் கேஸுக்கோ அந்தக் குணமே கேடாகிறது. வார் கோக்கும் நான்கு கொம்புகளிலும் தட்டையான ஒரு முகம் இன்னொரு முகத்தைச் சந்திக்கும் இடத்தில் கத்தியால் கீறியதுபோன்ற கூரிய விளிம்பு ஒன்று இருக்கும். துணி அந்த விளிம்பின்மேல் மடிந்து படிந்து, நாளாகக் கரைந்த சவர்க்காரக் கட்டியைப்போல அதை மழுக்கிவிடும். வளைகுடாவில் பத்தாண்டு உழைத்துத் திரும்பிய ஒருவர் கொடுத்த சீகோ வாட்ச்சை அப்படி நான் மழுக்கியிருக்கிறேன். அவர் பளபளப்பைப் பார்த்து மகிழ்ந்துதான் போனார். எனக்கு மட்டும் அந்த வடிவம் போய்விட்டது தெரியும்; அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

விளிம்பு மழுங்காமல் இருக்க வேண்டுமானால், தேய்க்கும் பரப்பு வளைந்துகொடுக்கக் கூடாது. தட்டையான ஒரு தட்டு சுழல, கேஸின் ஒரு முகத்தை மட்டும் சரியான கோணத்தில் அதன்மேல் வைத்துப் பிடிப்பதே லேப்பிங். ஜப்பானியர்கள் இந்த வகை மெருகைச் ‘சராட்சு’ என்கிறார்கள். ‘சல்லாஸ்’ என்ற ஐரோப்பிய மெருகு இயந்திரத்தின் பெயர் அவர்கள் வாயில் அப்படி ஆனது. ஊர் மாறியதில் உருமாறிய அந்தச் சொல்லின்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. தொழிற்சாலை இயந்திரத்தை வாங்க என்னிடம் பணமில்லை, கடன் கொடுக்க வங்கியும் இல்லை. ஆகவே நானே செய்வதென்று முடிவெடுத்தேன்.

பழைய இரும்புக் கடையில் கிடந்த கோயம்புத்தூர் கிரைண்டர் ஒன்றுதான் வழிகாட்டியது. கல்லையும் குழவியையும் எடுத்துவிட்டால் அதில் எஞ்சுவது செங்குத்தாக நிற்கும் ஒரு தண்டு, ஒரு பெல்ட், அரைக் குதிரைத்திறன் மோட்டார், மேலே ஊற்றும் நீர் கீழே மோட்டாருக்கு இறங்காதபடி தடுக்கும் ஒரு கட்டமைப்பு. லேப்பிங் செய்ய வேண்டிய எல்லாம் இவைதான். வேகம் மட்டும் போதவில்லை. சுண்ணாம்புக் கோடு போட்டு எண்ணிப் பார்த்ததில் நிமிடத்துக்கு 130 சுற்றுதான் வந்தது. மோட்டார் 1440 சுற்று ஓடுவது. அதில் 2 அங்குலப் புல்லியும் தண்டில் 8 அங்குலப் புல்லியும் போட்டதும் 360 ஆயிற்று. 200 மில்லிமீட்டர் தட்டுக்கு அது நிதானமான வேகம். அதைவிடக் கூட்டினால் தண்ணீர் தெறித்து உடனே வறண்டுவிடும், எஃகு சூடேறும்.

தட்டின் ஆட்டம்தான் பல வாரங்களைத் தின்றது. இட்லி மாவுக்குத் தண்டு அரை மில்லிமீட்டர் ஆடுவது ஒரு பொருட்டல்ல. கேஸுக்கு அது தட்டு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை எழும்பி அறைவதற்குச் சமம். பழைய புஷ்களை நீக்கி 6204 பேரிங்குகள் இரண்டைப் போட்டேன். அப்போதும் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜில் விளிம்பருகே 0.3 மில்லிமீட்டர் காட்டியது. லேத் பட்டறையில் தட்டைத் தனியாகக் கடைந்து வாங்கி வந்து பொருத்தினேன், ஆட்டம் குறையவில்லை. “தட்டையும் தண்டையும் தனித்தனியாகக் கடைந்தால் இரண்டின் பிழையும் கூடிக்கொள்ளும், பூட்டியபடியே கொண்டு வாருங்கள்” என்று அந்த மேஸ்திரி சொன்னார். இரண்டையும் பூட்டிய நிலையில் முகத்தைக் கடைந்ததும் ஊசி 0.02க்குள் அடங்கிவிட்டது. பேரிங் விலையைவிட அந்த ஒரு சொல் எனக்குப் பெரியது.

கேஸைப் பிடித்துக்கொள்ளும் வழியை அண்ணன் தந்தார். வெள்ளி வேலையில் சிறு உருப்படிகளை அரக்கில் பதித்துத்தான் செதுக்குவார்கள். பித்தளை உருளை ஒன்றைக் கேஸின் உட்குழிவுக்கு ஏற்பக் கடைந்து, அரக்கால் ஒட்டி, கோணத்தை நிறுத்திவைக்கும் சிறு சட்டத்தில் பூட்டினேன். முதல் நாள் அழுத்திப் பிடித்த அவசரத்தில் எஃகு சூடேறி, அரக்கு இளகி, கேஸ் நழுவித் தட்டில் மோதிக் கொம்பு ஒன்று வளைந்தது. நல்லவேளையாக அது நான் பயிற்சிக்கென்று வாங்கிய கேஸ். அதன்பிறகு மேலே ஒரு குப்பியைத் தொங்கவிட்டு, மருத்துவமனைச் சொட்டுக் குழாயால் நீர் இடைவிடாமல் விழும்படி செய்தேன். கேஸின் எடையே பெரும்பாலும் போதும். விரல் அதைச் சட்டத்தோடு நகர்த்த மட்டுமே வேண்டும். தட்டின் ஓரம் வேகமாகவும் நடு மெதுவாகவும் ஓடுவதால், ஒரே இடத்தில் நிறுத்தாமல் உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே என்று நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இரும்புத் தட்டின்மேல் கண்ணாடி வட்டம் ஒன்றை ஒட்டி, அதன்மேல் வாட்டர் பேப்பரை, எண் கூடக்கூடத் துகள் நுணுகும் வரிசையில், 600, 1000, 1500, 2000 என்று மாற்றிக்கொண்டே போவேன். இத்தகைய தேய்ப்புத் தாள்கள் சிலவற்றில் ஒட்டியிருப்பது அலுமினியம் ஆக்சைடு. பாக்சைட்டை உருக்கி அதைச் செய்கிறார்கள். சேர்வராயன் மலையிலிருந்து மேட்டூர் அலுமினிய ஆலைக்கு ஒரு காலத்தில் லாரி லாரியாக இறங்கிய செம்மண் நிறக் கல்லும் பாக்சைட்டுதான் என்று அறிந்தபோது, ஏற்காட்டு மலையை அதன்பிறகு வேறு கண்ணோடு பார்த்தேன்.

தாளால் கிடைப்பது சாம்பல் நிற மென்மை. அதற்கு மேல் போக வெள்ளீயத் தட்டு வேண்டும். அப்பாவின் பெட்டியில் இருந்த துண்டு எதற்கென்று எனக்கு விளங்கியது அப்போதுதான். மிகச் சிறிய திருகாணித் தலைகளை அதில் கையால் தேய்த்துத்தான் அவர் கறுப்பு மெருகு ஏற்றியிருக்கிறார். மென்மையான வெள்ளீயத்தில், அதன்மேல் தடவும் பசையின் வைரத் துகள்கள் பதிந்து அசையாமல் நிற்கும், எனவே ஆழமாகக் கீறாமல் ஒரே சீராகச் சீவும். துணியைப்போல அமுங்காது என்பதால் விளிம்பும் தப்பும். 150 மில்லிமீட்டர் தட்டு வார்க்க அந்தத் துண்டு எந்த மூலைக்கு? செவ்வாய்ப்பேட்டைப் பாத்திரக் கடையில், ரசம் வைக்கும் பழைய ஈயச் சொம்புகள் மூன்றை எடைக்கு வாங்கினேன். விளிம்பிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டிக் காதருகே வளைத்தால், நல்ல வெள்ளீயம் நெரிபடும் ஒலியோடு முனகும். மூன்றும் முனகின. ரசமில்லாமல் அடுப்பில் வைத்தால் சொம்பு உருகிவிடும் என்று பெண்கள் எச்சரிப்பது 232 பாகை செல்சியஸில் அது உருகுவதால்தான். எனக்கும் சாதாரண அடுப்பே போதுமாக இருந்தது. ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ பிடித்த அந்தத் தட்டில், அப்பாவின் துண்டையும் உருக்கிச் சேர்த்தேன்.

3 மைக்ரான், பிறகு 1 மைக்ரான் வைரப் பசை தடவிச் சில நிமிடம் ஓட்டியதும் கொம்பின் முகம் ஒரு கோணத்தில் வெள்ளையாகவும், இலேசாகச் சாய்த்தால் அடுப்புக்கரிபோல் கறுப்பாகவும் தெரிந்தது. சோதனை எளிது. கூரையிலுள்ள ட்யூப்லைட்டின் பிம்பத்தை அந்த முகத்தில் பிடித்து மெல்ல நகர்த்த வேண்டும்; விளிம்பு வரை அந்தக் கோடு வளையாமல் வந்து சட்டென்று மறைந்தால் வேலை சரி. இந்த இயந்திரத்தில் எஃகுக் கேஸ்களை மட்டுமே ஏற்றுகிறேன். பழைய ஹெச்எம்டி வாட்ச்களில் பல பித்தளைமேல் குரோம் பூசியவை. தட்டில் வைத்தால் பூச்சு போய்ப் பித்தளை இளித்துவிடும். எவ்வளவு கேட்டாலும் அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

2021இல் அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. அந்த வாரத்தில்தான் அண்ணன் கொலுசு மணிகள் அடிக்கும் அச்சு ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். அதன் முகம் குழிந்து, அடித்த தகட்டின் ஓரமெல்லாம் பிசிறு விட்டிருந்தது. நான் அதை 600இல் தொடங்கி ஒரு மணி நேரம் ஓட்டிக் கொடுத்தேன். அவர் அச்சைச் சாய்த்து, தலைக்கு மேலிருந்த விளக்கின் கோட்டை அதில் தேடினார். மறுநாள் காலை, தெருவின் இன்னும் இரண்டு பட்டறைகளிலிருந்து அச்சுகள் வந்து என் மேசைமேல் காத்திருந்தன.