ஒன்பது டப்பா பெருங்காயம்

முந்தாநாளிலிருந்து எங்கள் வீட்டில் எதைத் திறந்தாலும் பெருங்காய வாசனை. தலையணை உறை உள்பட. இதற்குக் காரணம் நான்தான் என்கிறாள் அம்மா. அப்பாதான் என்கிறேன் நான். அப்பா வழக்கம்போல் பேப்பருக்குப் பின்னால்.

உண்மையில் ஆரம்பித்து வைத்தது மேல்வீட்டு மாமா. போன மாதம் அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. பத்திரிகை என்றால் படமாக வரும், மிஞ்சிப்போனால் பி.டி.எஃப். இது ஏ.பி.கே., அதாவது போனுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும் ஆப். யார் கூப்பிட்டாலும் முதல் பந்தியில் இருப்பவர் மாமா. தொட்டார், அது கேட்டதற்கெல்லாம் 'சரி' கொடுத்தார். அப்புறம் அவருக்கு வரும் ஓ.டி.பி.யை எல்லாம் எவனோ படிக்க ஆரம்பித்துவிட்டான். அரை மணி நேரத்தில் மாமாவின் வாட்ஸ்அப் கைமாறி, அதிலிருந்து அம்மாவுக்கு ஒரு மெசேஜ்: 'வணக்கம் மேடம், நலமா? அவசரமாக 20,000 ரூபாய் தேவை. தயவுசெய்து உதவவும்.'

அம்மா அந்த நிமிஷமே கண்டுபிடித்துவிட்டாள்.

"இருபது வருஷத்துல அந்த மனுஷன் என்னை நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை கேட்டதில்லடீ. இது அவர் இல்ல."

மாமா சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடித்து, வங்கிக்கும் சொல்லி, காசு போகாமல் தப்பித்தார். திருடனிடமிருந்து வந்த அந்த 'நலமா'வை மட்டும் அம்மா இன்னும் அழிக்கவில்லை.

பயத்தில் நான் ஊரிலிருந்து ஓடிவந்து சோதனை போட்டேன். அம்மாவின் ஏ.டி.எம். கார்டு உறையிலேயே, மேலே பிள்ளையார் சுழி போட்டு, நாலு இலக்க பின் நம்பர். ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தேன். நாலு இலக்கத்தில் பத்தாயிரம் எண்கள் இருக்கின்றன, மூன்று தடவை தப்பாகப் போட்டால் கார்டு முடங்கிவிடும், அதனால் ஊகித்து எடுப்பது கஷ்டம்; ஆனால் நீயே எழுதி வைத்தால் பிள்ளையாரும் காப்பாற்ற மாட்டார், யாரிடமும் எதையும் சொல்லாதே என்று ஒரே அடி. வாட்ஸ்அப்புக்கும் இரண்டடுக்குப் பூட்டுப் போட்டு ஆறு இலக்க பின் வைத்துக் கொடுத்தேன். மறந்துபோகாமல் இருக்க வாட்ஸ்அப்பே அதை அவ்வப்போது கேட்கும். முதல் தடவை கேட்டதுமே அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். "யாரு கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னியே. அது யாரா இருந்தா எனக்கென்ன?"

பிரசங்கம் செய்யும் என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். ஆபீசில் 90 நாளைக்கொருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்வார்கள். என்னுடையது இப்போது பொங்கல்@14-இல் நிற்கிறது. அடுத்தது என்ன என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, குறி என்று இந்த ரோதனைக்கெல்லாம் வழிகாட்டும் குறிப்பை 2003-இல் அமெரிக்க அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிய பில் பர், 2017-இல் "அப்படி எழுதியிருக்க வேண்டாம்" என்கிற ரீதியில் வருத்தப்பட்டுவிட்டார். அவர் வருத்தம் எங்கள் ஆபீஸ் வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எழுதக் கூடாது என்றதும் அம்மா மூளையைப் போட்டுக் கசக்கி, பின் நம்பரை மளிகை லிஸ்டாக மாற்றியிருக்கிறாள். துவரம்பருப்பு 4, சீரகம் 7, கடுகு 3, பெருங்காயம் 9. எழுதி, ஃப்ரிட்ஜ் மேல் காந்தத்தில் மாட்டியாயிற்று. எந்தத் திருடனுக்கும் புரியாது.

அப்பாவுக்குப் புரிந்தது. முப்பத்தெட்டு வருஷ தாம்பத்தியத்தில் முதல்முறையாகச் சொல்லாமலே ஒரு வேலை செய்யலாம் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சீரகம் ஏழு கிலோவா என்று அண்ணாச்சியே மிரண்டு, நூறு கிராம் பாக்கெட்டாக ஏழு போட்டிருக்கிறார். கடுகு மூன்று கிலோ. பெருங்காயம், கடையில் ஏழுதான் இருந்ததாம், மீதி இரண்டைப் பக்கத்துக் கடையில் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். "சார், வீட்ல விசேஷமா? சொல்லவே இல்ல?"

திருப்பிக் கொடுக்கலாம் என்றால், அம்மா வருவதற்குள் அப்பா ஒன்பது டப்பாவையும் பிரித்து ஊறுகாய் ஜாடியில் கொட்டி வைத்திருந்தார். அதுவும் சொல்லாமலே.

இப்போது அந்த நம்பர் அண்ணாச்சிக்குத் தெரியும், கடைப் பையனுக்குத் தெரியும், பக்கத்துக் கடைக்கும் ஓரளவு தெரியும். அம்மா நேற்று போய் மாற்றிவிட்டு வந்தாள். புது நம்பர் என்ன என்று கேட்டேன்.

"உனக்கு எதுக்கு?"

நியாயம்தான். ஆனால் மார்கழி வருகிறதே என்று கோல நோட்டைப் புரட்டியபோது கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு. 'நேர்ப்புள்ளி 21, 16-இல் நிறுத்தவும்.' (எண்ணை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், ஆசைப்பட வேண்டாம்.) நேர்ப்புள்ளியில் 21 வைத்தால் 19, 17, 15 என்று இரண்டிரண்டாகத்தான் குறையும். பதினாறு எங்கிருந்து வரும்? ஒன்றும் கேட்காமல் மூடி வைத்துவிட்டேன்.

இன்று சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் கோல நோட்டு கேட்டு வந்தாளாம். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா கொடுத்து அனுப்பியிருக்கிறார்.